ரேஷ்மாவின் பதினொரு அட்டைகள்

என் வீட்டுக்காரர் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வந்து படுத்திருந்த சமயம். பெரும்பாக்கத்தில் எங்கள் வீடு ஆறாவது மாடி. படி முடிகிற இடத்தில் ஒரு இரும்புக் கேட் உண்டு. காற்று அடித்தாலும் ஆள் போனாலும் டமார் என்று மோதும். ஒவ்வொரு தடவையும் அவர் திடுக்கிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுவார். ஒரு நாள் மதியம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால், தாழ்ப்பாளில் யாரோ துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

“எவன்டா இது, கேட்டுக்குக் கோமணம் கட்டி வுட்டுக்கீறான்?” என்று எதிர்வீட்டு ஜெயவேலு அதை அவிழ்த்து எறிந்தார். மறுநாள் மறுபடியும் துணி. அவர் அவிழ்ப்பதும் யாரோ கட்டுவதுமாக நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் நானே பார்த்தேன். பக்கத்து வீட்டு ரேஷ்மா தன் பழைய துப்பட்டாவைக் கிழித்துக்கொண்டு வந்து மூன்று முடிச்சாகப் போட்டாள். கேட்டை மெதுவாகச் சாத்திப் பார்த்தாள். என் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்விட்டாள். சத்தம் அவள் காதுக்கும் ஆகாது, அதனால் கட்டினாள் என்று சொல்லலாம். ஆனால் என் வீட்டுக்காரர் தேறி வேலைக்குப் போன பிறகு அவள் துணி கட்டவில்லை.

அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

அவள் அம்மா கங்கம்மா நாவலூரில் ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். புருஷன் எப்போதோ போய்விட்டான். ரேஷ்மா ஒன்றரை வயதில் ‘ம்மா’, ‘பூ’ என்று இரண்டு வார்த்தை சொன்னாளாம். இரண்டு வயது முடிவதற்குள் அதுவும் நின்றுபோனது. கங்கம்மா செய்யாத வைத்தியம் இல்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். எங்கள் ஜெபக்கூடத்துக்கு வரத் தொடங்கிய பிறகு எண்ணெய் பூசி ஜெபித்தோம். ‘ஊமைச்சி’ என்று யாராவது சொன்னால் கங்கம்மாவுக்குக் கோபம் பொங்கும். “ஊமையா? மூணு வூடு தள்ளி பிஸ்கோத்துப் பாக்கெட்டப் பிரிச்சா அவ காதுல வுழுது!” என்பாள்.

கீழே பொதுக்கூடத்துக்கு வியாழக்கிழமைதோறும் அனுப்பிரியா என்ற பேச்சுப் பயிற்சி டீச்சர் வர ஆரம்பித்தார். முதல் நாளே கங்கம்மா கேட்டுவிட்டாள்.

“டீச்சர், நான் வேலைக்குப் பூட்டு, புள்ளைகிட்ட பேசாமலே வளத்துட்டேன். அதனாலதான் இப்டி ஆயிடுச்சா?”

“இல்லக்கா. நீங்க பேசாததால வர்றது இல்ல இது. யார் தப்பும் இல்ல.”

“அப்போ இன்னாதான் தடுக்குது? காது கேக்குதே. நாக்கும் நல்லாத்தானே கீது?”

“ஒரு வார்த்தை வரணும்னா உதடு, நாக்கு, தொண்டை, மூச்சு எல்லாம் ஒரே நேரத்துல ஒண்ணா சேரணும். சில பிள்ளைங்களுக்கு, சொல்ல நினைக்கிறது உள்ள இருக்கும், அதை வாய்க்கு அனுப்புற வேலை மட்டும் மூளைல சரியா நடக்காது. சில பிள்ளைங்க, குழந்தையில நம்ம முகத்தையும் வாயையும் பார்த்துக் கத்துக்கிற மாதிரி கத்துக்க மாட்டாங்க. சில பேருக்கு மிக்ஸி, ஹாரன், உங்க பேச்சு எல்லாமே ஒரே அளவு சத்தமா வந்து மோதும். ரேஷ்மாவுக்கு எதுன்னு எனக்கு முழுசா தெரியலக்கா. பெரிய டாக்டர்களுக்கே இன்னும் முழுசா தெரியாது. ஆனா ஒண்ணு, பேச்சு வரலன்னா புரியலன்னு அர்த்தம் இல்ல.”

பிறகு டீச்சர் பதினொரு பட அட்டைகள் செய்து வளையத்தில் கோத்துக் கொடுத்தார். தண்ணி, சோறு, பாத்ரூம், சத்தம், வூடு, வலி, வேணாம், இப்படி. கன்னத்தில் கை வைத்து அழும் முகம் இருந்தால் ‘வலி’. குறுக்கே வைத்த இரண்டு கைகள் இருந்தால் ‘வேணாம்’. “அவ அட்டையை உங்க கையில வச்சா, உடனே அதைச் செய்யணும். அதுதான் நீங்க சொல்ற பதில். ஒரு தடவை ஏமாத்தினாலும் நம்பிக்கை போயிடும்” என்றார்.

“இதக் குடுத்தா சோம்பேறி ஆயிடுவாளே, அப்புறம் வாய எங்க தொறப்பா?” என்றாள் கங்கம்மா.

“எல்லாரும் அப்படித்தான் பயப்படுறாங்க. அட்டை பேச்சைத் தடுக்காதுக்கா.”

ஒன்றரை மாதம் ரேஷ்மா அட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் காலை, கங்கம்மா தட்டை வைத்ததும், ‘வேணாம்’ அட்டையைக் கழற்றி அம்மா கையில் வைத்தாள். தட்டில் ரவை உப்புமா. கங்கம்மா சிரித்தபடி தட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே ஓடி வந்தாள். “யக்கா, பதினஞ்சு வருசமா டெய்லி இத்தத்தான் துன்னுகினு கீறா. புடிக்கலன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியுது!” சொல்லும்போதே அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது நான்தான்.

ஜெபக்கூடத்தில் ரேஷ்மாவின் நாவு திறக்க நாற்பது நாள் உபவாச ஜெபம் தொடங்கினோம். ஒரு கையால் கர்த்தரிடம் பேச்சைக் கேட்டுவிட்டு, மறு கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது சந்தேகப்படுவது ஆகாதா என்று எனக்குத் தோன்றியது. கங்கம்மாவிடம் சொன்னேன்.

“இன்னாக்கா, புள்ள தவிச்சிப் பூடுமே?”

“நாப்பது நாள்தானே கங்கம்மா.”

அட்டைகளை பிஸ்கட் டப்பாவில் போட்டு மேல் சிலாப்பில் வைத்தோம். டீச்சர் கேட்டபோது, எங்கேயோ வைத்துவிட்டோம், தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னதும் நான்தான்.

ரேஷ்மா பாய்க்கு அடியில் தேடினாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் தேடினாள். பிறகு எங்களிடம் வந்து, வெறும் கையை எங்கள் உள்ளங்கையில் வைத்துவிட்டு நிற்பாள். “வாயத் தொறந்து சொல்லு கண்ணு” என்போம். இன்னும் கொஞ்ச நேரம் நிற்பாள். போய்விடுவாள்.

பதினேழாம் நாள் தாடையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். சுவரில் கன்னத்தை வைத்து இடித்தாள். தட்டைத் தள்ளிவிட்டாள். பொல்லாத ஆவி எதிர்க்கிறது, விடுதலை கிட்டத்தில் வந்துவிட்டது என்று நாங்கள் இன்னும் சத்தமாக ஜெபித்தோம். டிரம்மும் கைத்தட்டலுமாகச் சுற்றி நின்றோம். அவள் நடுவில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்களிலும் என் கையில் அவள் வெறும் கையை வைத்தாள். நானும் “சொல்லு கண்ணு” என்றேன்.

இருபத்தாறாம் நாள் கழுத்து வரைக்கும் வீங்கி ஜுரம் கொதித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா அவள் வாயைத் திறக்க வைத்துப் பார்த்தார். “கடைவாய்ப் பல்லு. சீழ் கழுத்துக்கு எறங்கிடுச்சு. இவ்ளோ நாளா எப்படித் தாங்கினா? வலிக்குதுன்னு சொல்லவே இல்லையா?”

கங்கம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கழுத்தில் கீறிச் சீழ் எடுத்தார்கள். பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். உயிரோடு கொடுத்ததற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. டப்பாவை எடுத்து மேலே வைக்கச் சொன்னது அவர் இல்லையே. ஆஸ்பத்திரியிலேயே அட்டைகளைத் துடைத்து அவள் மடியில் வைத்தேன். அவள் தொடவில்லை. டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “இனிமே முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்க்கா” என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமைதோறும் டீச்சர் மறுபடியும் பொறுமையாகச் செய்தார். ஏழு மாதம் கழித்து ‘தண்ணி’ அட்டை வந்தது. பிறகு ‘சத்தம்’. அந்த நேரத்தில் லிஃப்ட் ஓடவில்லை. குடத்தோடு படி ஏறின கங்கம்மா விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். இனிமேல் எழுந்து நடப்பது கஷ்டம் என்றார்கள். அவள் தம்பி துளசிங்கம் ஒரே அறை வீட்டில் இருப்பவன். “அக்காவ நான் வெச்சிக்கிறேன். இத்த எங்க வெச்சிக்கிறது? என் பொண்டாட்டி பயப்படுறா” என்று சொல்லிவிட்டான். காட்டாங்குளத்தூரைத் தாண்டி ரேஷ்மா மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் இருப்பதாக விசாரித்து ஏற்பாடு செய்தார்கள். “நான் வைத்துக்கொள்கிறேன்” என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். பேசத் தெரிந்த என் வாயில் அது வரவில்லை.

வேன் வந்த அன்று கங்கம்மா தம்பி வீட்டில் படுக்கையில் கிடந்தாள். ரேஷ்மாவைக் கீழே கூட்டிப்போனது நான்தான். அட்டை வளையத்தை டீச்சர் கயிற்றில் கட்டி அவள் கழுத்தில் போட்டிருந்தார். மாடிப்படிக் கேட்டைத் தாண்டியதும் அவள் நின்று, திரும்பி, அதைச் சத்தம் வராமல் சாத்தினாள். ஆறு மாடியும் என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

வேனில் பையை ஏற்றிவிட்டு, “நல்ல இடம் கண்ணு. நான் வந்து பாக்கறேன்” என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வளையத்தை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு அட்டையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். என் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள். பிறகு, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, நான் அதைச் செய்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். நான் விரலைத் திறந்து பார்த்தேன். குறுக்கே வைத்த இரண்டு கைகள்.

“வேணாம்.”