முன்பெட்டியில் பன்னிரண்டு வாளி

என் மச்சினிக்கு நான் வைத்த பெயர் 'முகமூடி'. மனைவியின் தங்கையைக் கேலி செய்யாமல் வேறு யாரைச் செய்வது? படகுப் பட்டறைக்கு எப்போது போனாலும் வெல்டிங் முகமூடிக்குப் பின்னால்தான் இருப்பாள். பெருக்கித் துடைக்கத்தான் அங்கே முதலில் சேர்ந்தாள். மதியம் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், வெட்டிப்போட்ட அலுமினியத் துண்டுகளை எடுத்து ஒட்டிப் பழகுவாளாம். ஒட்டியதைச் சம்மட்டியால் அடித்து உடைத்து, உள்ளே பொத்தல் இருக்கிறதா என்று பார்ப்பாள். மறுபடி ஒட்டுவாள். இப்படி நாலு வருஷம்! நடுவில் மாடிப்படிக் கைப்பிடி மாதிரிச் சில்லறை வேலைகளை மட்டும் அவளுக்குக் கொடுத்தார்கள்.

"ஒட்டறதும் நீ, உடைக்கறதும் நீ. உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டேன்.

"கடல்ல போய் உடையறதுக்கு இங்கயே உடையட்டும் மாமா" என்றாள்.

இந்த வருஷம்தான் பட்டறை முதலாளி ஒரு முழுப் படகை அவளிடம் ஒப்படைத்தார். அதை வாங்கப் போகிறவன் நான். என் மனைவி மூன்று மாதம் நச்சரித்ததன் பலன் அது. முப்பது வருஷம் கனமான மரப்படகு ஓட்டியவனுக்கு அலுமினியம் என்றால் இளக்காரம். "இந்தத் தகர டப்பாவை ஒரு நாள் அலையில ஓட்டிப் பாப்பேன். பிடிக்கலேன்னா அன்னிக்கே திருப்பிடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

"நீங்க திருப்பிட்டா இவளை மறுபடியும் மாடிப்படிக் கைப்பிடி ஒட்டத்தான் விடுவேன். அப்புறம் படகு கிடையாது" என்றார் முதலாளி. அவள் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

கடலில் இறக்குவதற்கு முந்தின நாள் போய்ப் பார்த்தால், ரப்பர் குழாயைப் போட்டுப் படகுக்குள் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கிறாள்! "ஏம்மா, படகுதான் தண்ணியில மிதக்கணும். தண்ணி படகுல மிதக்கக் கூடாது" என்றேன். காதில் வாங்கினால்தானே? படகின் அடியில் மல்லாந்து படுத்து, ஒட்டிய கோடு ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். உள்ளே இருப்பது வெளியே கசியவில்லை என்றால் வெளியே இருப்பது உள்ளே வராது. அவ்வளவுதான் அவள் கணக்கு.

மறுநாள் காலை காற்று பலமாகவே இருந்தது. அலையைத்தானே பார்க்கப் போகிறோம் என்று கிளம்பினேன். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவளும் வந்து ஏறினாள்.

"நீ எதுக்கு?"

"நான் ஒட்டின படகுல முதல்ல நான் போகணும் மாமா."

முன்பக்கத்தில் இரண்டு பெரிய தண்ணீர்க் கேன்களை வைத்திருந்தாள். "முன்னாடி கனம் வேணும். இது உங்க மரப்படகு மாதிரி இல்ல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கோபம் எப்போதும் என் மூக்கு நுனியில்தான் நிற்கும். "எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று இரண்டு கேனையும் தூக்கிக் கரையில் வைத்துவிட்டேன்.

முகத்துவாரம் தாண்டியதும் ஒரு பெரிய அலை எழுந்து வந்தது. எஞ்சினைத் தணித்தேன். முப்பது வருஷப் பழக்கம் அது. மரப்படகாக இருந்தால் அதன் கனமே அலைக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கும். இந்தப் படகோ தணித்த இடத்திலேயே நின்றது. முன்மூக்கு மேலே எழும்ப, அடியில் காற்று புகுந்து படகைக் குறுக்கே திருப்பிவிட்டது. அடுத்த அலை பக்கவாட்டில் அறைந்ததில் கவிழ இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

"கையை எடுக்காதீங்க! முடுக்குங்க மாமா!"

முடுக்கி, எப்படியோ அலைக்கு நேராகத் திருப்பினேன். ஆனாலும் முன்மூக்கு எழும்புவதும் தொப்பென்று விழுவதும் நிற்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பக்கத்துத் தகடு உள்ளே போய் வெளியே வந்தது. "உடையுது! உடையுது!" என்று கத்தினேன்.

"வளையுது மாமா. அது நல்லதுதான். விறைச்சுக்கிட்டு நின்னாத்தான் எனக்குப் பயம்" என்றவள், தவழ்ந்து முன்னே போய் மீன்பெட்டியைத் திறந்தாள். வாளியால் கடலை மொண்டு மொண்டு அதற்குள் ஊற்ற ஆரம்பித்தாள்.

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? நாமளே முங்கணுமா?"

"அரைப்பெட்டின்னா தண்ணி ஆடும், படகையும் ஆட்டும். நிறைஞ்சா ஆடாது. நீங்க முன்னாடி பாத்து ஓட்டுங்க!"

பன்னிரண்டு வாளி. நிரம்பி வழிந்ததும் மூடியைப் பூட்டி அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். அப்பா! அதன்பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்? முன்மூக்கு தணிந்தது. எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்ட அதே அலை, இப்போது இரண்டாகப் பிளந்து இருபக்கமும் ஒதுங்கிப் போனது. நான் தகர டப்பா என்று சொன்ன படகு, கத்தரி துணிக்குள் போவதுபோல் போய்க்கொண்டிருந்தது. கண் நிறைந்துவிட்டது எனக்கு. உப்புத் தண்ணீர் தெறித்தது என்று அவளிடம் பொய் சொன்னேன்.

கரையேறியதும் தரைத் தகட்டின் மூடியைத் திறந்து, அடிப்பகுதிவரை கையை விட்டு எடுத்துக் காட்டினாள். முந்தின நாள் தண்ணீரை வடித்து உலரத் துடைத்துவைத்த இடம் அது; உள்ளங்கையில் கொஞ்சம் தூசுதான் ஒட்டியிருந்தது. ஈரமே இல்லை.

"என்ன, திருப்பறீங்களா?" என்று கேட்டார் முதலாளி.

"யார் கேட்டாலும் தர மாட்டேன். அடுத்த படகையும் அவகிட்டயே கொடுங்க" என்றேன்.

வீட்டில் மனைவியிடம் பெருமையாகக் கதை சொன்னால், அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவளுக்கு நீச்சலே தெரியாதே! முழங்கால் தண்ணிக்கே பயப்படுவா. அவளையா கூட்டிட்டுப் போனீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடிந்ததும் விடியாததுமாகப் பட்டறைக்கு ஓடினேன். "நீச்சல் தெரியாதவ எந்த தைரியத்துல வந்தே?"

முகமூடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் ஒட்டின கோட்டு மேல உக்கார நானே பயந்தா, உங்களை எப்படி மாமா அதுல அனுப்புவேன்?"

அங்கிருந்து நேராகப் படகு நிற்கும் கரைக்குப் போனேன். இரண்டு கேன்களும் நான் வைத்த இடத்திலேயே கிடந்தன. தூக்கி வந்து, படகின் முன்பக்கத்தில் அவள் வைத்திருந்த அதே இடத்தில் வைத்தேன்.