எம்புட்டுத் தூரம் போகணும்?

பானட்டைத் திறப்பதற்கு முன்பே சந்தனசாமி கேட்டுவிடுவார்: "எம்புட்டுத் தூரம் போகணும்?"

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில் அவருடைய பட்டறை. கார் ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் லேசில் கெடாது. அதை இணைக்கும் பிளாஸ்டிக் மூக்குதான் சூட்டில் வெந்து வெந்து ஒருநாள் அப்பளம்போல் ஒடிந்துவிடும். புதுசுக்குத் திருச்சியில் சொல்லிவைத்து நாலு நாள் காத்திருக்க வேண்டும். நம்மவர்களுக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? சந்தனசாமி ஜன்னல் திரை மாட்டும் பழைய குழாயில் விரல் நீளம் அறுத்து, ஓரத்தை அரத்தால் ராவி, ஒடிந்த இடத்தில் செருகுவார். மேலே சைக்கிள் டியூபைச் சுற்றி இரண்டு கிளிப் போட்டு முறுக்குவார். பிறகு என்ஜினை ஓடவிட்டு, குழாயைக் கையால் பிடித்தபடி சூடேறும்வரை நிற்பார். உள்ளங்கை காய்த்துப்போய்விட்டது.

"புதுக்கோட்டை வரைக்கும் போங்க. அதுக்கு அங்கிட்டுத் தாண்டாதீங்க. புதுசு வந்ததும் மாத்திருங்க." எல்லோரிடமும் இதையேதான் சொல்வார். யாரும் மாற்றுவதில்லை. சந்தனசாமி போட்டது இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசுவார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தால், "மொதல்ல மாத்தச் சொல்லுங்கய்யா" என்று அதட்டுவார்.

அப்படிக் குழாய் போட்டுக்கொண்டு போன ஆவுடையப்பனும் மாற்றவில்லை. இரண்டு வருடம் அப்படியே ஓட்டினார். போன மாதம், நெஞ்சுவலியில் துடித்த அம்மாவைத் தஞ்சாவூருக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது, புதுக்கோட்டையைத் தாண்டி, கந்தர்வகோட்டைக்கு இந்தப் பக்கம் குழாய் பிடுங்கிக்கொண்டது. தண்ணீரெல்லாம் கொட்டி வண்டி நின்றுவிட்டது. வேறு வண்டி வருவதற்குள் அந்த அம்மாள் பின்சீட்டிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சந்தனசாமி துக்கத்துக்குப் போனார். பந்தலுக்குள் நுழையவில்லை. தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஆவுடையப்பன் அதே காரைக் கயிறு கட்டி இழுத்துவந்தார். மொட்டைத் தலை. திட்டுவார், சட்டையைப் பிடிப்பார் என்று சந்தனசாமி எதிர்பார்த்து நின்றார். நாலு அடி அடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"ஒங்க மேல ஒண்ணும் இல்லண்ணே. நீங்க அன்னைக்கே சொன்னீங்க, நாந்தான் மாத்தல. பழையபடி அந்தப் பைப்பையே போட்டு விட்டுருங்க. நாளைக்கு அப்பாவுக்குக் கண்ணு காட்டத் தஞ்சாவூரு போகணும்."

சந்தனசாமி இந்த முறை எம்புட்டுத் தூரம் என்று கேட்கவில்லை. பானட்டையும் திறக்கவில்லை. கார் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவி, தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.