சிறகு மடக்கிய போர்வானூர்தி

பென்னாகரம் சாலையில், பேருந்து நின்றாலும் நிற்கும் நில்லாமற் போனாலும் போகும் ஓர் ஊரில் இருந்தது எங்கள் உயர்நிலைப் பள்ளி. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே தமிழாசிரியன். அகவை முப்பதைத் தாண்டவில்லை. பேச்சு மட்டும் முந்நூறு ஆண்டு மூத்தது என்பது உடன்பணியாளர் கருத்து. சைக்கிள் என்று எவர் சொன்னாலும் மிதிவண்டி என்று திருத்துவேன். தேநீர்க் கடைக்காரர் தொலைவில் என்னைக் கண்டதுமே குவளையை நிரப்பி நீட்டிவிடுவார். வாய் திறந்து ஏதேனும் கேட்டால் திருத்தம் வரும் என்ற அச்சம். இதனால் எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று எண்ணிவிடலாகாது. பாதிரிமார் பள்ளியில் பயின்றவன் நான். ஆங்கிலச் செய்தித்தாளை நாள்தோறும் கதவைத் தாழிட்டுக்கொண்டு படித்தேன். அறிந்தும் வாய் திறவாமை என் நோன்பாக இருந்தது.

அந்த நோன்புக்குக் கேடு ஓர் அட்டைப் பெட்டியில் வந்தது.

எங்கள் அறிவியலாசிரியர் கத்தோலிக்க உழவர் குடியில் பிறந்தவர். காலையில் நிலக்கடலைக் கொல்லைக்கு நீர் பாய்ச்சிவிட்டு, கால் மண்ணைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கு வருவார். அவருடைய அக்காள் கணவர் பம்பாய்த் துறைமுகத்தில் பணியாற்றினார். அயல்நாட்டு மாலுமி ஒருவரிடம் பெற்ற பெட்டியொன்றை மைத்துனருக்கு அனுப்பிவைத்தார். மேலட்டையில் ஒரு படம். கருநீல வானூர்தி ஒன்று போர்க்கப்பலின் தளத்திலிருந்து சீறி எழுகிறது. உள்ளே இருந்தது முழுமையான பொம்மை வானூர்தி அன்று, அதன் எலும்பும் தோலும். அவரைக் கொடியில் காய் தொங்குவது போல நெகிழிச் சட்டங்களில் ஏறத்தாழ ஐம்பது உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கூடவே, அவற்றை எவ்வாறு ஒட்டுவது என்று விளக்கும் ஆங்கிலத் தாள் ஒன்று.

ஆசிரியர் அறையில் எல்லாரும் அதைச் சூழ்ந்து நின்றபோது, கணக்காசிரியர் என்னை நோக்கித் திரும்பினார். அவர் கண்ணில் ஒரு மினுக்கம். வகுப்பில் கடினமான கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது தோன்றுமே, அதே மினுக்கம்.

"என்னாங்க தமிழய்யா, ஒலகத்துல இருக்கிற எல்லாத்தையும் தமிழ்லயே சொல்லிரலாம்னு சொல்றீங்களே. இந்த ஏரோப்ளேன இங்கிலீசு ஒரு சொட்டு இல்லாம கட்டிருவீங்களா?"

"வானூர்தி" என்றேன். "கட்டுவேன்."

"நீங்க கட்டுனா வாலு இருக்கிற எடத்துல மூக்கு இருக்கும். கட்றது நம்ம சயின்ஸ் சாரு கட்டட்டும். தாளப் படிக்கிறது நீங்க. அவரு அதப் பாக்கவே கூடாது. நீங்க தமிழ்ல சொல்லணும், அவரு காதால கேட்டு ஒட்டணும். உங்க வாயிலேர்ந்து ஒரே ஒரு இங்கிலீசு வார்த்த வந்தாலும் அவுட்டு!"

தலைமையாசிரியர் நடுவராக இசைந்தார். ஆயுத பூசை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், ஊனமின்றி முழுமை பெற்ற வானூர்தி அவர் மேசைமேல் நிற்கவேண்டும். நின்றால், கணக்காசிரியர் அவ்வாண்டு முழுவதும் வகுப்பில் ஆங்கிலச் சொல் ஒன்றும் பேசலாகாது. நில்லாவிட்டால், பள்ளி ஆண்டுவிழா மேடையில் நான் பத்து மணித்துளி ஆங்கிலத்தில் சொற்பொழிவாற்ற வேண்டும். என் மாணவர் முன்னிலையில்! அவர்தம் பெற்றோர் முன்னிலையில்! தேநீர்க் கடைக்காரரும் ஆண்டுவிழாவுக்குத் தவறாமல் வருபவர்.

மறுநாள் மாலையிலிருந்து அறிவியல் கூடத்தில் வேலை தொடங்கிற்று. தாளை மார்போடு அணைத்துக்கொண்டு முக்காலியில் நான் அமர்வேன். எதிரே அறிவியலாசிரியர், கையில் சவர அலகும் மெல்லிய தூரிகையும்.

"ஏழாம் எண் உறுப்பின் குடைவினுள் எட்டாம் எண் உறுப்பின் முளையினைச் செலுத்துக" என்றேன் முதல் நாள்.

அவர் சற்று நேரம் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அய்யா, குடைவுன்னா பொத்தலுங்களா?"

"ஆம்."

"அப்பப் பொத்தல்னே சொல்லிருங்க. அதுவும் தமிழ்தானுங்களே. நீங்க சொல்றது எனக்குப் புரியறதுக்குள்ள பசை காஞ்சிருதுங்க."

அன்று முதல் பொத்தல் என்றே சொன்னேன். அவர் சொன்னதை மறுக்க எந்த இலக்கண நூலிலும் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

பெட்டியோடு வந்த பசை கடற்பயணத்திலேயே கல்லாகிவிட்டிருந்தது. கூடத்தின் அலமாரியிலிருந்து குளோரோபாரக் குப்பியை எடுத்தார் அறிவியலாசிரியர். நெகிழியின் விளிம்பில் அதைத் தொட்டுத் தடவினால் விளிம்பு இளகி, இரு துண்டுகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சுண்ணக்கட்டி கேட்கும் சாக்கில் நாள்தோறும் சன்னலருகே வேவு பார்க்க வரும் கணக்காசிரியருக்கு அந்த மணம் எட்டிவிட்டது.

"குளோரோபாரமா? எதுக்குங்க? தமிழய்யா கிளாசுல பசங்க ஏற்கெனவே நல்லாத்தான தூங்குறானுங்க!"

"போய்யா அந்தப் பக்கம்!" என்று கத்த நா எழுந்தது. "கணக்காசிரியர் அவர்களே, தாங்கள் வந்த வழியே செல்லலாம்" என்றேன்.

வாலின் அடியில் பொருத்தவேண்டிய ஒரு கொக்கிதான் எங்களை மிகவும் அலைக்கழித்தது. கப்பலின் தளம் குறுகியது; வந்திறங்கும் வானூர்தி ஓடி ஓய இடமில்லை; ஆதலால் தளத்தின் குறுக்கே கட்டிய வடத்தை இக்கொக்கி பற்றி நிறுத்தும் என்று நான் நீட்டி முழக்கினேன்.

"கெணத்துல வுழுந்த வாளிய எடுக்கிறமே, அந்தப் பாதாளக் கரண்டி மாதிரிங்களா?"

"அதுவேதான்."

"மொதல்லயே பாதாளக் கரண்டின்னு சொல்லியிருந்தா நேத்தே ஒட்டியிருப்பேனுங்க."

இவ்வாறு மூன்று கிழமைகளில் உடற்கூடு இணைந்தது, விரற்கடையளவு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார், சிறகுகள் நீண்டன, சுண்டைக்காய் அளவு உருளைகள் மூன்றும் தரையில் ஊன்றின. மேலே கருநீல வண்ணம். விடுமுறைக்கு முன்னைய நாள், ஒட்டுப்படங்கள் சில மட்டுமே எஞ்சிய நிலையில், வானூர்தி கூடத்தின் நடுமேசையில் நின்றது. அதுவரை என் வாயிலிருந்து ஓர் ஆங்கிலச் சொல்லும் உதிரவில்லை. கணக்காசிரியர் ஊருக்குச் செல்ல, மொரப்பூரில் தொடர்வண்டி பிடிக்கவேண்டுமென்று முற்பகலே கிளம்பிவிட்டார். போகிற போக்கில் சன்னல் வழியே பார்த்த அவர் முகம் கறுத்துப் போனதைக் கண்டு நான் அகமகிழ்ந்தேன். மகிழ்ச்சி பிற்பகல் வரை நீடித்தது.

எங்கள் பள்ளிப் பணியாளர் ஆயுத பூசையில் எதையும் விட்டுவைக்க மாட்டார். தராசுக்குச் சந்தனம். நுண்ணோக்கிக்குப் பொட்டு. சுவரில் தொங்கும் எலும்புக்கூட்டுப் படத்துக்கும் பொரி. அன்று பிற்பகல் கூடத்தில் பூசை நடந்தபோது நாங்கள் கைகூப்பிக் கண்மூடி நின்றோம். மேசைமேல் உருளை உள்ள பொருள் ஒன்று நிற்பதைக் கண்டார் அவர். உருளை இருந்தால் வண்டி. வண்டி என்றால் அதற்குரிய முறை உண்டு. முன்னுருளை இரண்டின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். நசுங்கவேண்டியது பழம், இங்கே வானூர்தி பழத்தின்மேல் ஏறி அமர்ந்துகொண்டது. பிறகு சூடத்தை ஏற்றி மும்முறை சுற்றி, தட்டை வைக்க வேறிடம் காணாமல் இடச்சிறகின் அடியிலேயே வைத்துவிட்டார்.

கருகல் மணம் பட்டுக் கண் திறந்தேன்.

"அய்யா, பாருங்க பாருங்க, ரெக்கை குனியுது!" என்றார் பணியாளர், உடல் சிலிர்த்து. "சாமி கும்புடுதுங்க!"

அறிவியலாசிரியர் பாய்ந்து தட்டை இழுத்தார். இடச்சிறகு நடுவில் சுருங்கி, வெயிலில் வதங்கிய வாழையிலை போலத் தொங்கியது.

"எங்க கோயில்ல மெழுகுவத்திய எட்ட வெச்சுத்தாங்க கும்புடுவோம். நீங்க ஏனுங்க அடியிலயே கொண்டாந்து வெச்சீங்க?"

"வண்டிக்கி அடியில வெக்காம மண்டமேலயா வெப்பாங்க?" என்றார் பணியாளர், சிறிதும் தளராமல்.

எனக்கோ ஆண்டுவிழா மேடை கண்முன் எழுந்தது. அதில் நான் நின்றேன். வாயில் ஆங்கிலம் இருந்தது.

சுடுநீரில் நனைத்து நிமிர்த்திப் பார்த்தார் அறிவியலாசிரியர். சிறகு நிமிர்ந்தது, ஆனால் சுருங்கிய இடத்தில் பள்ளம் விழுந்து, வலச்சிறகினும் ஒரு விரற்கடை குட்டையாகிப் போயிற்று. குழந்தையும் கண்டுபிடித்துவிடும் ஊனம். நான் செய்வதறியாமல் தாளைப் புரட்டினேன். கடைசிப் பத்தி ஒன்றைத் தேவையில்லை என்று அவருக்குச் சொல்லாமலே விட்டிருந்தேன். கப்பலின் வயிற்றில் இடம் போதாமையால் இவ்வகை வானூர்திகளின் சிறகுகளை மேல்நோக்கி மடக்கி நிறுத்துவர் என்றும், விரும்புவோர் அவ்வாறே மடக்கி ஒட்டிக்கொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருந்தது.

"ஐயா," என்றேன், குரல் தாழ்த்தி, "நல்ல சிறகையும் சேர்த்து மடக்கிவிடுவோமா?"

அவர் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குச் செல்பவர். பிறகு பணியாளரிடம், "இன்னொரு சொம்பு சுடுதண்ணி கொண்டாங்க" என்றார்.

சிறகுகளை ஒவ்வொன்றாய்ச் சுடுநீரில் தோய்த்து, இரண்டு அடிக்கோல்களுக்கிடையே இடுக்கி மேல்நோக்கி மடக்கினோம். சுருக்கம் மடிப்புக்குள் மறைந்தது; வலச்சிறகை ஒரு விரற்கடை வெளியே தள்ளி மடக்கியதில் உயரமும் ஒத்துப்போயிற்று. புகை படிந்த இடத்தின்மேல் வெள்ளை விண்மீன் ஒட்டுப்படம் ஒன்று ஏறிற்று. வேலை முடிந்தபோது வானூர்தி இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுவது போல நின்றது. பணியாளர் தாம் முன்பு சொன்னது சரியே என்பதுபோல் எங்களைப் பார்த்தார்.

பள்ளி திறந்த நாளில் தலைமையாசிரியர் அறை நிரம்பி வழிந்தது. கணக்காசிரியர் குனிந்து, நிமிர்ந்து, மேசையைச் சுற்றி வந்து, ஒருமுறை மண்டியிட்டும் பார்த்தார்.

"இது என்னாங்க, போலீசப் பாத்த திருடனாட்டம் ரெண்டு கையும் மேல தூக்கிட்டு நிக்குது? நான் ஊருக்குப் போறப்ப நல்லாத்தான நீட்டிட்டு இருந்துச்சு! ஒடச்சுப்புட்டீங்க. ஒடச்சத மூடி மறைக்கப் பாக்குறீங்க."

"மடக்கியிருக்கிறோம்" என்றேன். "கப்பலில் நிறுத்தும் முறை இது."

"கப்பல நீங்க எங்க பாத்தீங்க? ஒகேனக்கல் பரிசலுக்கு மேல ஒண்ணும் பாத்ததில்ல. தாள்ல அப்படி இருக்குதுன்னு சொல்வீங்க. உங்க தமிழ்ல எத வேணும்னாலும் சொல்லிக்கலாமே! வாய்க்கு வந்தது வார்த்த, கைக்கு வந்தது ரெக்கை!"

நான் சினங்கொண்டது அந்தக் கடைசித் தொடருக்குத்தான். என்னைப் பொய்யன் என்றால் பொறுத்திருப்பேன்; உண்மையும் அதுதான். என் தமிழைப் பொய்யென்றது பொறுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை உருவினேன். சுட்டுவிரலை உயர்த்தினேன். அந்தக் கடைசிப் பத்தியை, முதற்சொல் தொடங்கி முற்றுப்புள்ளி வரை, பாதிரியார் எனக்குக் கற்பித்த ஒலிப்பு சற்றும் குன்றாமல், ஆங்கிலத்திலேயே, அறை அதிரப் படித்தேன். அத்தோடு நின்றேனா? வெற்றிக் களிப்பில் அதற்கு முந்தைய பத்தியையும் படித்தேன்.

படித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். அறிவியலாசிரியர் நெற்றியில் கைவைத்திருந்தார். கணக்காசிரியர் மெல்லக் கைதட்டத் தொடங்கினார்.

"அவுட்டு!" என்றார்.

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீர்ப்பு வழங்குமுன் அவர் அவ்வாறு செய்வது வழக்கம்.

"ஏரோப்ளேனு முழுசா நிக்குது. அதனால கணக்கு சாரு தோத்தாருங்க. வருசம் முடியற வரைக்கும் தமிழ்லயே நடத்துங்க. தமிழய்யா இங்கிலீசு பேசிட்டாரு. அவரும் தோத்தாரு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் புதிதாய்ப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "ஏனுங்க, இவ்ளோ நல்லா படிக்கிறீங்களே, இத்தன நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? இங்கிலீசு வாத்தியாரு மாத்தலாகிப் போயி ஆறாம் வகுப்பு மூணு மாசமா சும்மா கெடக்குது. பத்து நிமிசப் பேச்செல்லாம் வேண்டாமுங்க. நாளையிலேர்ந்து மூணாவது பீரியடு நீங்க எடுத்துக்குங்க."

"ஐயா, நான் தமிழாசிரியன்..."

"உங்க இங்கிலீச எல்லாரும் இப்பத்தான காதால கேட்டோம்" என்றார் கணக்காசிரியர், மிக்க பணிவோடு.

மறுநாள் மூன்றாம் பாடவேளையில் ஆறாம் வகுப்புக்குள் நுழைந்தேன். என்னைக் கண்டதும் பிள்ளைகள் எழுந்து ஒருமுகமாய் "வணக்கம், ஐயா" என்றனர், நான் பழக்கியதுதான். அமர்ந்து, பழக்கத்தின்படி தமிழ்ப் புத்தகத்தை எடுத்தனர். அதை உள்ளே வைத்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தை எடுக்குமாறு ஆங்கிலத்தில் சொன்னேன். எவரும் அசையவில்லை. இன்னும் உரக்க, மீண்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். முதல் வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்து நின்றாள்.

"அய்யா," என்றாள், கண் கலங்க, "ஒடம்பு செரியில்லீங்களா?"