உப்புத்தாளில் போன எண்

எனக்கு எந்தச் சாமானும் பளிச்சென்று இருக்க வேண்டும். அழுக்கைக் கண்டால் கை துறுதுறுக்கும். அந்தப் பாழாய்ப்போன கையால்தான் என் அண்ணனுக்கு இந்த வினை வந்தது.

ஜமுனாமரத்தூரில் எங்கள் அப்பாவிடம் ஒரு ரைபிள் இருந்தது. சாமைக் கொல்லையில் பன்றி இறங்குகிறது என்று லைசென்ஸ் எடுத்து வாங்கியது. ஆயுத பூஜைக்கு முன்தினம் அரிவாள், கொழு, மண்வெட்டி எல்லாவற்றோடும் அதையும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பது என் வேலை. கல்யாணமாகிப் போளூருக்குப் போய், அங்கன்வாடியில் வேலை கிடைத்த பிறகும் அதற்கென்று பஸ் ஏறி வருவேன். போன பூஜைக்கு எத்தனை தேய்த்தும் இரும்பில் கருப்பு திட்டுத்திட்டாக நின்றது. விடுவேனா நான்? கடையில் உப்புத்தாள் வாங்கி வந்து, வெள்ளிக் குடம் மாதிரி ஆக்கிவிட்டுத்தான் எழுந்தேன். அப்பா தடவிப் பார்த்து, "புதுசாட்டம் கீது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தை மாதம் அப்பா போய்விட்டார். ரைபிளைத் தன் பெயருக்கு மாற்ற அண்ணன் மனு கொடுத்தார். எந்த வகை, என்ன எண், என்ன விலை பெறும் என்று துப்பாக்கிக் கடையில் எழுதி வாங்கி வரும்படி ஸ்டேஷனில் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்கக் கூடாது, அது என் குணம்.

வேலூர்க் கடைக்காரர் பின்பக்கத் தாழை இழுத்துக் குழலுக்குள் வெளிச்சம் பார்த்தார்.

"பாயிண்ட் டூ டூங்க. இதுல ஊசி தோட்டாவோட நடுவுல அடிக்காது, விளிம்புல அடிக்கும். தோட்டா இல்லாம வெறுமனே தட்டினா, தோட்டா போடுற பக்கத்து குழல் வாய் நசுங்கிப்பூடும். உங்க அப்பா அப்பிடி செய்யல. உள்ள நல்லாத்தான் கீது."

அண்ணன் முகம் மலர்ந்தது. கடைக்காரர் ரைபிளைத் திருப்பினார். பூதக்கண்ணாடி எடுத்தார். குழலின் மேல், கீழ், பக்கவாட்டு எல்லாம் பார்த்தார். லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்தார். மறுபடியும் ரைபிளைப் பார்த்தார்.

"யாருங்க இத இப்பிடி தேச்சது? அந்தக் கருப்பு அழுக்கு இல்லீங்க, கம்பெனி பூச்சு. அது இருந்து, குழல்ல வெட்டின கம்பெனி பேரும் இருந்தா நல்ல விலை போகும். விலைய வுடுங்க, நம்பரே இல்லியே. லைசென்ஸ்ல கீற ரைபிள் இதுதான்னு நான் எப்பிடி எழுதறது? நம்பர அழிச்சா கேஸுங்க."

 அவர் தாளில் வகையை மட்டும் எழுதினார். எண் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்றும், விலை என்ற இடத்தில் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார். திரும்பும்போது போளூரில் நான் இறங்கியிருக்கலாம். இறங்க மனம் வரவில்லை. மலைப்பாதை முழுக்க அண்ணன் அந்தத் தாளைப் பிரித்துப் பிரித்துப் படித்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஸ்டேஷனில் அதிகாரி தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நம்பர அழிச்சது யாரு?"

நான் ஒரு வார்த்தை பேசினால் ஒன்பது வார்த்தை பேசுகிறவள். அப்போது நெஞ்சில் வந்ததெல்லாம் அங்கன்வாடி வேலைதான். கேஸ் என்றால் வேலை போய்விடும். அண்ணன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"நான்தாங்க," என்றார் அண்ணன். "பூஜைக்கு தேச்சேன். தெரியாம தேச்சிட்டேங்க."

உட்காரச் சொன்னார்கள். அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நீ வூட்டுக்குப் போம்மா. பஸ் போய்டும்."

நான் போனேன்.