குளவிமேல் போட்ட பழி

போன வருடம் ஆனி மாதம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில் நான் பரதநாட்டிய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன்.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. கனடாவிலிருந்து வந்திருந்த தங்கை என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, நீ சிரிச்சாலும் ஏசுற மாதிரியே இருக்கு" என்றாள். அது போதாதா? பாஸ்போர்ட் அலுவல் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போய், புருவங்களுக்கு நடுவில் சுருக்கம் போக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தேன். ஐந்தாம் நாள் காலை கண்ணாடியில் பார்த்தால் சுருக்கத்தைக் காணவில்லை. கூடவே இடது கண் இமையும் பாதிக்கு இறங்கிக் கிடந்தது.

வகுப்பில் ஒரு பிள்ளையின் தாய் பதறிப்போனார். "ஐயோ ரீச்சர், கண்ணுக்கு என்ன நடந்தது?"

"குளவி குத்திப்போட்டுது" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். எங்கே என்று கேட்டதற்கு, மண்டபத்து முற்றத்தில் நின்ற மாமரத்தையும் கையால் காட்டித் தொலைத்தேன்.

மேடை நிகழ்ச்சிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. யசோதை கண்ணனை அதட்டும் ஆட்டம். நான் ஆடிக் காட்டுவேன், பிள்ளைகள் பார்த்து ஆடுவார்கள். ஒரு கிழமை கழித்து ஒத்திகை பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஒன்பது யசோதைகளும் இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கண்ணனை அதட்டினார்கள்.

"நீங்கள் அப்பிடித்தானே ரீச்சர் காட்டித் தந்தனீங்கள்" என்றாள் ஒருத்தி.

மறுநாளே யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கண் டாக்டரிடம் ஓடினேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார். "எங்கை ஊசி போட்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். மருந்து இமைத் தசைக்கும் பரவிவிட்டதாம், சில கிழமைகளில் தானாகவே சரிவருமாம். லேசர் ஒளிச் சிகிச்சை ஒன்றும் இருக்கிறது, சீக்கிரம் குணம் தெரியலாம், தெரியாமலும் போகலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். நான் விடவில்லை.

இரண்டாவது தடவை ஒளி பிடித்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றும்போது போன் அடித்தது. அதே தாய்.

"ரீச்சர், உங்களைக் குத்தின குளவிக்கூட்டை எங்கடை இவர் இண்டைக்குக் காலமை கொளுத்திப்போட்டார்!" சற்று நிறுத்தினார். "இப்ப இவரை ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கு."

அந்த மரத்தில் உண்மையிலேயே கூடு இருந்திருக்கிறது!

பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் புத்தூரில் தோட்டம் செய்யும் மனிதர். முகம் பலாப்பழம் போல வீங்கி, இரண்டு கண்களும் மூடிக் கிடந்தன. உயிருக்கு ஆபத்தில்லை என்று தாதி சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என் குரலைக் கேட்டதும் அவர் எனக்கே ஆறுதல் சொன்னார்.

"உங்களுக்கு ஒரு கண்ணோடை போச்சுது ரீச்சர்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஊசிக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன்.

"அப்ப அந்தக் குளவியள் ஒண்டும் செய்யேல்லையோ?"

"இல்லை அண்ணை."

கட்டில் குலுங்கியது. சிரிக்கிறார் என்று விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. வீங்கிய உதட்டைப் பொத்திக்கொண்டு, "நோகுது ரீச்சர், சிரிக்க வைக்காதேங்கோ" என்றார்.

மனைவி சிரிக்கவில்லை. பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவார் என்றே நினைத்தேன். நான் எழும்பிப் புறப்படும்போதுதான் வாய் திறந்தார். "பிள்ளை நாளைக்கு வருவாள். ரெண்டு கண்ணையும் திறந்து ஆடப் பழக்குங்கோ."

அடுத்த நாள் வகுப்பிலும் உண்மையைச் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகு முகபாவம் காட்டும் வேலையை மூத்த மாணவி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு நான் தாளம் மட்டும் தட்டினேன். நிகழ்ச்சியும் நன்றாகவே நடந்தது.

என் இமை மெல்ல மெல்ல மேலே ஏறியது. ஒளியால் ஏறியதா, நாள் போனதால் ஏறியதா என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் என் வெட்கத்தை மறைக்க நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி, எனக்காக ஒரு மனிதர் ஏணி வைத்து மரம் ஏறினாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் வருகிறது, அவர் முகத்தை நேரே பார்க்கக் கூச்சமாகவும் இருக்கிறது.