தரை இல்லாத தாளில் அண்ணா

கலைக்கல்லூரிக்குக் கொடுக்கவேண்டிய மாப்பெயில் ஒரே ஒரு படம் குறைந்தது. மாப்பெ என்றால் நாம் வரைந்தவற்றை அடுக்கிக் கொடுக்கும் பெரிய அட்டைப்பை. அதைப் பார்த்துத்தான் இடம் தருவார்கள். கடைசிப் படம் அண்ணாவின் காவடியாட்டம் என்று எப்போதோ முடிவுகட்டியிருந்தேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். படம் மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

டுசல்டோர்ஃபில் எங்கள் கோயில், டயர்க் கடையொன்றுக்குப் பக்கத்து மண்டபம். திருவிழாவில் நான் ஃபோனில் எடுத்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் வரைந்தேன்: குழல்விளக்கு, செருப்புக் குவியல், சனம், சனத்தின் கைகளில் ஃபோன்கள். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வடிவாத்தான் கிடக்கு. இதில எங்கட பெடியன் ஆர்?"

அந்த வாரம்தான் அருங்காட்சியகத்தில் அந்தச் சின்னப் படங்களைக் கண்டேன். நூறு வருடத்துக்கு முன், நியூ மெக்சிகோவின் புவெப்லோப் பழங்குடி ஊர்களில், அந்த ஊர் இளைஞர்களே வரைந்த நீர்வண்ணங்கள். சடங்கு ஆட்டங்கள். வெறும் வெள்ளைத் தாள். வானம் இல்லை, வீடு இல்லை, வேடிக்கை பார்க்கும் சனம் இல்லை, நிழல்கூட இல்லை. வரிசையாக ஆட்டக்காரர்கள்: இடுப்பில் கரைபோட்ட வெள்ளைத் துணி, கையில் கிலுகிலுப்பையும் பச்சைக் கொப்பும். பெண்கள் தலையில் படிபடியாக வெட்டிய பலகைக் கிரீடம். ஒவ்வொரு குஞ்சத்துக்கும் தனித்தனிக் கோடு. தரையே கிடையாது, ஆனால் ஒருவர்கூட மிதக்கவில்லை! கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றேன். காவலாளி இருமினார், விலகினேன், திரும்ப முட்டினேன். வரைந்தவர்கள் தாங்களும் ஆடி வளர்ந்தவர்கள் என்றும், அந்த மக்கள் எல்லா ஆட்டத்தையும் வெளியாருக்குக் காட்டுவதில்லை என்றும் பக்கத்துக் குறிப்பில் இருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து மண்டபத்தைத் தூக்கியெறிந்தேன். வெள்ளைத் தாளில் அண்ணா மட்டும். அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. என்னைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாய்."

"மியூசியத்தில பாத்த படங்களைக் கீறின ஆக்கள் தாங்களும் ஆடினவை அண்ணா. நான் ஃபோனுக்குப் பின்னால நிண்டனான். உன்ர காவடியை ஒருக்காத் தா."

"விசரி! அது நேர்த்திக்கு எடுக்கிறது. வீட்டில வைச்சு விளையாட ஏலாது."

எரிச்சல் வந்தது. ஆனால் எல்லாவற்றையும் வெளியாருக்குக் காட்டுவதில்லை என்ற அந்தக் குறிப்பு ஞாபகம் வர, காவடிக் கதையை விட்டேன். என் முகத்தைப் பார்த்து இரங்கினானோ என்னவோ, அண்ணா பல்கனிப் பக்கம் போனான். அம்மா உடுப்புக் காயப்போட்டிருந்த கம்பிச்சட்டத்தைத் தூக்கிவந்தான், ஈரத் துவாய்களோடு.

"இதுக்கு முருகன் கோவிக்கமாட்டார். பிடி."

சட்டம் என் தோளில் ஏறியது. அண்ணா மேசையைத் தவிலாக்கினான்.

"முயல் மாதிரித் துள்ளாதையடி! கனம் தோளில கிடக்கு, நீ எங்க பறக்கிறாய்?"

ஒரு காலுறை லாம்பில் போய்த் தொங்கியது. ஆடிக்கொண்டே இருந்தபோது சட்டென்று பிடிபட்டது. தோளில் பாரம் இருந்தால் உடம்பு மேலே போகாது. நிற்கிற காலின் முழங்கால் தாழ்கிறது, அதனால்தான் மற்றக் கால் எழும்புகிறது. நான் இத்தனை நாளும் தூக்கிய காலையே வரைந்துகொண்டிருந்தேன். அந்தப் படங்களில் தரை எங்கே இருந்தது என்று இப்போது தெரிந்தது: ஊன்றிய முழங்காலில்!

கதவு திறந்தது.

"ஐயோ, என்ர துவாய்! கீழ்வீட்டு மனுசி படியில நிண்டு என்ன சத்தமெண்டு கேக்குது. ரெண்டு பேருக்கும் என்ன பிடிச்சது?"

ஏச்சு வாங்கிக்கொண்டே தூரிகையை எடுத்தேன். சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை. கோபம் ஆறி, தேத்தண்ணியோடு வந்த அம்மா தாளுக்குக் குனிந்தார். முகம் இன்னும் வரையவில்லை.

"முழங்காலைப் பாரன். இவன் எங்கட பெடியன்தான்."

பிறகு தேடினார். "நானெங்க? பால்செம்போட பின்னால வந்தனான்தானே?"

வெள்ளிக்கிழமை அண்ணாதான் டிராமில் மாப்பெயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். வளைவுகளில் அவன் முழங்கால் தாழ்ந்து நிமிர்வதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இடம் கிடைத்த அன்று முதல்முதல் அம்மாவுக்குத்தான் சொன்னேன். கட்டிப்பிடித்தார், கொஞ்சம் அழுதார், கண்ணைத் துடைத்தார்.

"இனி என்னைக் கீறு. செம்பு தாறன். ஆனா என்ர சட்டத்தில கை வைச்சால் தெரியும்!"