கலைவாணி திருத்த மறுத்த அட்டை

புதுச்சேரியில், சாரம் கடைத்தெருவில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது செய்தி வந்தது. நம் வகுப்பு வாட்ஸாப் குழுவில் ஒரே வரி: கலைவாணி போய்விட்டாள், டெங்கு. பத்து நிமிடத்துக்குள் இணையத்திலிருந்து எடுத்த மெழுகுவர்த்திப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. படம் வரையப் படித்தவர்கள் மட்டுமே இருக்கும் குழு அது. ஒருவர்கூட ஒரு விளக்கைச் சொந்தமாக வரைந்து போடவில்லை. நானும்தான். எங்கிருந்தோ எடுத்த ரோஜாப்பூ ஒன்றை அனுப்பிவிட்டு, பால் பையோடு தெருவில் நின்று அழுதேன். அவள் பார்த்திருந்தால், "இன்னாடி பவானி, கையில சுளுக்கா?" என்று கேட்டிருப்பாள். அந்த ரோஜாவை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

இறுதியாண்டில் நமக்குத் தந்த வேலை இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு நினைவிருக்கும். இல்லஸ்ட்ரேஷன் மாணவர் ஒவ்வொருவரும் தன்னை விளம்பரப்படுத்தும் பொருள் ஒன்றைச் செய்து பத்திரிகைக்காரர்கள், பதிப்பாளர்கள் கையில் சேர்க்க வேண்டும். நாமெல்லாம் கணினியில் வடிவமைத்து அச்சகத்தில் கொடுத்தோம். கலைவாணியோ, அவள் அம்மா வேலை பார்க்கும், நம் ஊர் மேட்டுப்பாளையத்து அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கழித்துப் போட்ட அட்டைகளைச் சாக்கில் கட்டி ஸ்கூட்டரில் வைத்து லாஸ்பேட்டையில் இருந்த நம் கல்லூரிக்குக் கொண்டுவந்தாள். நான் சிரித்தேன்.

"சிரி. கையால வரைவேன்னு சொல்லித்தான வேல கேக்கறோம்? அத மிஷின்ல அடிச்சுக் குடுத்தா எவன்டி நம்புவான்?" என்றாள்.

அட்டைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டினாள். ரப்பர் போல மெத்தென்றிருக்கும் லினோ அச்சுத் தகட்டில் ஹெல்மெட் போட்டு ஸ்கூட்டர் ஓட்டும் காகம் ஒன்றைச் செதுக்கி, அதன் கீழே தன் பெயரையும் ஃபோன் நம்பரையும் செதுக்கினாள். தகட்டில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கினால்தான் அச்சில் நேராக விழும். நமக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் இது. பெயரைச் சரியாகத் திருப்பியவள், நம்பரை மட்டும் நேராகச் செதுக்கிவிட்டாள். அறுபது அட்டையும் அச்செடுத்துக் கொடியில் காயப்போட்ட பிறகு நான்தான் பார்த்துச் சொன்னேன். அறுபதிலும் நம்பர் இடம் வலமாகத் திரும்பி நின்றது.

"நம்பரே படிக்க முடியலன்னா இது என்ன விளம்பரம்? தூக்கிப் போட்டுட்டு வேற செய்" என்றார் சார். கலைவாணி ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்தத்துக்குப் போனாள். ஸ்கூட்டர் கண்ணாடிக்கு எதிரே பிடித்தாள். கண்ணாடியில் நம்பர் நேராக நின்றது.

"தப்புதான் சார். ஆனா படிக்கலாம்."

வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் அவளுக்கு. என் பளபள அட்டைக்கு முதலிடம். மாலையில் ஆறுதல் சொல்லப் போனேன். "அறுபது காக்கா என் கையில பொறந்துருக்கு. நம்பருக்காக காக்காவ தூக்கிப் போடச் சொல்றாரு. போடி" என்று என்னையே திட்டி அனுப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் புத்தகக் கண்காட்சி. உள்ளே போகாமல் வெளியே நின்ற வண்டிகளின் கண்ணாடிக் கம்பியில் ஒவ்வோர் அட்டையாகச் சணல் கயிற்றால் கட்டினோம். "கண்ணாடியில் பார்க்கவும் என்றாவது எழுதேன்" என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றாள். பார்க்கிங்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அவர் சைக்கிள் மணியிலும் ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் ஓடினாள்.

ஒரு வாரம் எந்த அழைப்பும் இல்லை. "ஒருத்தரும் கூப்புடலியே" என்றேன். "கூப்புடலன்னா வரையாம இருந்துருவனா?" என்றாள்.

அதற்கடுத்த நாள் கேன்டீனில் இருந்தபோது அவள் ஃபோன் அடித்தது. சிறுவர் பத்திரிகை நடத்தும் ஒரு பெண்மணி. "கண்ணாடியில பின்னாடி வர பஸ்ஸப் பாத்தா உன் நம்பர் தெரியுதும்மா. ஓரமா நிறுத்திட்டுப் பேசறேன்" என்றார். கலைவாணியின் முதல் வேலை அது. பிறகு அவள் வரைந்த புத்தகங்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமே இருக்கின்றன. முதலிடம் வாங்கிய என் அட்டையைப் பார்த்து இன்றுவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

இந்தக் கூட்டத்துக்காக அவளுடைய அட்டையை அச்சிட்டுத் தரலாம் என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கணினியில் நம்பரை நேராக்கிவிட்டீர்கள். "அவளுக்கு மரியாதையா இருக்கணும்ல" என்றீர்கள். அன்று குழுவில் நான் போட்ட சண்டைக்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உயிரோடிருந்தபோது அவள் திருத்த மறுத்ததை, அவள் இல்லாத நேரம் பார்த்துத் திருத்துவதற்குப் பெயர் மரியாதை இல்லை. இன்னொன்று. "பாவம், பெரிய ஆளா வந்திருப்பா" என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அவள் வந்துவிட்டாள். நாம் பார்க்கவில்லை.

போன வாரம் அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன். அந்த லினோ தகட்டைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "நம்பர மாத்திடாதம்மா. ஃபோன் எங்கிட்டதான் இருக்குது. கடைசியா ஒரு புக்கு முழுசா வரைஞ்சு பெட்டியில வெச்சிருக்கா. யாராச்சும் கேட்டா எடுத்துக் குடுப்பேன்" என்றார்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் தகட்டைத்தான், அதில் உள்ள தப்போடு. மேட்டுப்பாளையத்துக் கழிவு அட்டையில், என் கையால், காகத்தை மறுபடி அச்செடுத்திருக்கிறேன். நகக்கண்ணில் மை இன்னும் போகவில்லை. உங்களில் பதிப்பகத்திலும் பத்திரிகையிலும் இருப்பவர்கள் பலர். கூட்டம் முடிந்து வெளியே போனால், உங்கள் வண்டிக் கண்ணாடியில் அந்த அட்டை கட்டியிருக்கும். நம்பரைக் கண்ணாடியில் பாருங்கள். கூப்பிடுங்கள். அவள் அம்மா எடுப்பார்.